பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசிய ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்குப் பூட்டிய வீடு என்பதே பழக்கமில்லாத ஒன்று. அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போனாலும் பக்கத்து வாசலில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். கதவு வெறுமனே சாத்தியிருக்கும். தோட்டத்தை விட்டுச் சுங்கை சிப்புட் என்ற ஊரின் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியேறி, வேலையிலிருந்து ஓய்வும் பெற்ற பிறகுதான் வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் பயணம் போகும் வாழ்க்கை எங்களுக்கு வாய்த்தது.

மகள் கிரைஸ்ட்சர்ச்சில் இருக்கிறாள். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளடங்கிய வேன் ஒன்றை அங்கே வாடகைக்கு எடுத்து, ஜூன் தொடக்கத்திலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை நானும் மனைவியும் நியூசிலாந்தின் தென்தீவைச் சுற்றினோம். நமக்கு ஆனியும் ஆடியும். அவர்களுக்கு நடுக் குளிர்காலம். தெக்காப்போ ஏரிக்கரையில் கண்விழித்தால் வேன் கண்ணாடியின் உட்புறத்தில் எங்கள் மூச்சுக்காற்றே உறைந்து படிந்திருக்கும். அதைத் துடைப்பதுதான் அன்றாடம் முதல் வேலை. அடுத்து தண்ணீர் எவ்வளவு மிச்சம், கேஸ் அடைத்திருக்கிறதா, கழிவுநீரை எங்கே கொட்டுவது என்று பார்ப்போம். அத்தனை கவனத்தையும் எங்கள் வீட்டு வாசற்படியிலேயே விட்டுவிட்டோம். நாங்கள் செய்த தவறுகள் எல்லாம் அதிலிருந்து வந்தவையே.

முதலாவது, விமானம் இறங்கிய இரவே காரில் ஊருக்குக் கிளம்பியது. குளிர்காலத்தில் நியூசிலாந்தின் நேரம் நம்மைவிட நான்கு மணி முன்னால். இங்கே இரவு பத்து என்றால் உடம்புக்கு அது பின்னிரவு இரண்டு. கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு ஏறக்குறைய 280 கிலோமீட்டர். வழியில் தஞ்சோங் மாலிம் ஊரைத் தாண்டியதும் என் கண்கள் இரண்டு முறை மூடின. மனைவி தோளைத் தட்டினாள். ஓர் இரவு தங்குங்கள், அல்லது உறவினர் யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள். பகலில் போய்ச் சேர்ந்தால் இன்னொரு நன்மையும் உண்டு: வீட்டின் உண்மையான நிலை கண்ணுக்குத் தெரியும். சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப் பனை) நிற்கும் ஊரில் எலி உண்டு, எலியைத் தேடி வரும் பாம்பும் உண்டு. வாசலில் விட்டுப்போன செருப்புக்குள் இருட்டில் காலை நுழைக்காதீர்கள்.

நம் வீடுகளில் கதவைத் திறந்ததும் சாமி விளக்கை ஏற்றி, சூடம் காட்டுவது வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் அரை மணி நேரம் பொறுத்துச் செய்யுங்கள். அடுப்புக்குப் போகும் ரப்பர்க் குழாயை எலி கடித்திருக்கலாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது; தரையோடு படிந்து கிடக்கும். முதலில் கதவு, சன்னல் எல்லாவற்றையும் திறந்து, குனிந்து முகர்ந்து பாருங்கள். வாடை வந்தால் விளக்குச் சுவிட்சைக்கூடத் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள். வாடை இல்லாவிட்டாலும் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

இனி, நான் அதிகம் வலியுறுத்த விரும்பும் விஷயம் தண்ணீர். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக வளர நம் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும். நாங்கள் வெளியே இருந்ததோ பத்து வாரத்துக்கும் மேல். வெளியே பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்துவிட்டுப் போன எங்களுக்கு வீட்டுக்குள் நிற்கும் தண்ணீர் தோன்றவே இல்லை. கழிவறையின் தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து கைவிளக்கு அடித்தபோது கூத்தாடிகள் (கொசுப் புழுக்கள்) நெளிந்து கீழே ஓடின. குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டையும் பாத்திரம் கவிழ்க்கும் தட்டையும் பார்க்க மறந்துவிடாதீர்கள்.

இதைவிடப் பெரிய தவறு, காய்ந்த பாத்திரத்தை நம்புவது. குளியலறைத் தொட்டி பாதி வற்றியிருந்தது. பளிங்குச் சுவரில் பழைய நீர்மட்டம் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டை ஒட்டி மிளகுத் தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள். அழுக்கு என்று நினைத்து, அப்படியே குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பினேன். அவை முட்டைகள். ஏடிஸ் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் சாவதில்லை; தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். கெட்டித் தூரிகையால் சுவரை நன்றாகத் தேய்த்து, அந்தத் தண்ணீரை வெளியே வெயில்படும் மண்ணில் ஊற்றிய பிறகே தொட்டியை நிரப்ப வேண்டும். நிரப்பியபின் கூத்தாடியைக் கொல்லும் அபேட் குருணை போடுவதும் நல்லது. வீட்டு வளாகத்தில் கூத்தாடி இருந்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு. பூட்டிய வீடு என்பது சாக்காகாது. அபராதத்தைவிட, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை நினைத்தே நான் இதைச் சொல்கிறேன்.

திரும்பி வந்த எட்டாம் நாள் மனைவிக்குக் காய்ச்சல். குளிர்தேசத்துச் சளி, அலைச்சல் என்று நானே மருத்துவர் ஆகி இரண்டு நாளைக் கடத்தினேன். அதை நினைத்தால் இன்றும் மனம் நடுங்குகிறது. டிங்கி, கொசு கடித்து நான்கு முதல் பத்து நாளுக்குள் வெளிப்படும். ஆகவே ஊர் திரும்பிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால் கிளினிக்குக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பாராசெட்டமோல் போதும், ஆஸ்பிரினோ ஐபுபுரோபெனோ வேண்டாம், அவை இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் இறங்கும் நாளில்தான் அபாயம் அதிகம். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மனைவி ஆறு நாள் மருத்துவமனையில் இருந்து பிழைத்து வந்தாள்.

பூஞ்சணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலமாரியைத் திறந்தபோது தோல் காலணிகள் மாவு பூசியதுபோல் இருந்தன. அங்கேயே தட்டினால் அந்தத் தூள் வீடெங்கும் பறக்கும். வெளியே எடுத்துப்போய் ஈரத்துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள். சுவரில் படிந்ததற்குக் குளோரின் வெளுப்பான் போடும்போது, அதோடு கழிவறை கழுவும் அமிலத்தைக் கலந்துவிடாதீர்கள், நச்சுவாயு கிளம்பும். எலிப் புழுக்கையையும் காய்ந்தபடியே பெருக்கக் கூடாது. கிருமிநாசினி தெளித்து நனைத்து, கையுறையோடு துடைத்தெடுக்க வேண்டும். இறகு அடைத்த குளிர்ச்சட்டையை ஈரம் முழுதும் போகக் காயவைக்காமல் பையில் திணித்தால் அடுத்த பயணத்துக்கு அது மிஞ்சாது.

இந்த வேலைகளை ஒரே நாளில் முடிக்கவும் முயலாதீர்கள். இரண்டரை மாதம் குளிரில் இருந்த உடம்புக்கு நம் வெக்கை மறந்துபோயிருக்கும். மறுபடி பழக ஒரு வாரமாவது ஆகும். காலை பத்து மணிக்குள்ளும் மாலை ஐந்துக்குப் பிறகும் செய்யுங்கள்.

வீட்டில் நிறுத்திவிட்டுப்போன இன்னொரு காரை இயக்குமுன் முன்மூடியைத் திறந்து, எலிக்கூடு இருக்கிறதா, கம்பிகள் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பேட்டரி இறங்கியிருந்தால், வேறு காரிலிருந்து மின்சாரம் கொடுத்து இயக்கிச் சந்தைக்குப் போய் வருவதால் அது நிரம்பிவிடாது. சார்ஜரில் முழு இரவு போட வேண்டும்.

வேனைத் திருப்பிக் கொடுத்ததோடு அதன் கணக்கும் முடிவதில்லை. நியூசிலாந்தில் டீசல் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கில் சாலைக் கட்டணம் உண்டு. வேகக் கேமராவில் சிக்கியிருந்தால் அபராதமும் வாரங்கள் கழித்து வரும். முன்பணம் கட்டிய கடன் அட்டையை உடனே ரத்து செய்துவிடாமல், வண்டியை ஒப்படைத்தபோது எடுத்த படங்களையும் ரசீதையும் மூன்று மாதமாவது வைத்திருங்கள்.

அடுத்த ஜூனில் மீண்டும் போகிறோம். இம்முறை எதிர்வீட்டு அக்காவிடம் சாவி இருக்கும். வாரம் ஒருமுறை சன்னலைத் திறந்து, கழிவறைத் தண்ணீரை இழுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். குளியலறைத் தொட்டியைக் காலிசெய்து, நானே தேய்த்துவிட்டுப் போவேன்.