1930ஆம் ஆண்டு ஜெர்மன் கிளைப்பாதை: கண்காட்சிக்கு ஒரு முதல் மாடல் லேஅவுட்

போருக்கு முந்தைய ஜெர்மன் ரயில் என்றாலே 160 கி.மீ. வேகத்தில் ஓடிய ‘பறக்கும் ஹாம்பர்கர்’ மேல்தான் எல்லோருக்கும் கண். அதற்கு அகலமான வளைவுகளும் பெரிய கூடமும் வேண்டும். முதல் லேஅவுட்டுக்கு, அதாவது பலகைமேல் அமைக்கும் சிறிய ரயில் காட்சிக்கு, பவேரியக் கிளைப்பாதையின் கடைசி ஸ்டேஷன் ஒன்று போதும். அளவு ஹெச்ஓ: 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.

1. ஆண்டு

1930 என்று வைத்துக்கொள்ளுங்கள். 64 வரிசை டேங்க் எஞ்சின் (தண்ணீரையும் கரியையும் தன்மேலேயே சுமக்கும் நீராவி எஞ்சின்) 1928இலேயே வந்துவிட்டது. 1933ஐத் தாண்டினால் நாஜி ஆட்சி, ஸ்வஸ்திகா சின்னத் தலைவலி. ஜெர்மனியில் அதைப் பொதுவில் காட்டுவதற்குச் சட்டத்தடை உண்டு. எஞ்சின் வாங்கும்போது முகப்பைப் பாருங்கள். விளக்கு இரண்டுதான் இருக்க வேண்டும். உச்சியில் மூன்றாவது விளக்கு இருந்தாலோ, எண் 064 என்று தொடங்கினாலோ அது போருக்குப் பிந்தைய மாடல்.

2. நீளக் கணக்கு

எஞ்சின் 14 செ.மீ. ‘டோனர்பியூக்ஸ’ எனப்படும் இரண்டு அச்சுப் பயணிகள் பெட்டி ஒன்று 16 செ.மீ. மூன்று பெட்டி சேர்த்தால் ரயில் 62 செ.மீ. எஞ்சின் ரயிலைச் சுற்றி மறுமுனைக்குப் போக ஒரு பக்கப்பாதை வேண்டும், அதுதான் லூப். அதன் இரு பாயின்ட்டுகளுக்கு (தடம் மாற்றும் அமைப்புகளுக்கு) நடுவே 75 செ.மீ. விடுங்கள். எஞ்சின் கழன்று முன்னே போய் நிற்க, பாதை முடிவில் இன்னொரு 20 செ.மீ.

3. பலகைகள்

9 மி.மீ. பிளைவுட்டில் 120 × 50 செ.மீ. அளவில் பலகைப் பெட்டிகள் மூன்று: இரண்டில் ஸ்டேஷனும் வயலும், மூன்றாவதில் ரயில்கள் மறைந்து நிற்கும் யார்டு. பலகை இணைப்பின் மேல் பாயின்ட் வரவே கூடாது.

4. இணைப்பு

கண்காட்சியில் ரயில் கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான். போல்ட் பலகைகளை இறுக்கும், ஆனால் நேராக்காது. போல்ட் துளையில் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அதனால் இணைப்புக்கு இரண்டு பித்தளை டவல் பின்கள் (பலகைகளை நேராக நிறுத்தும் ஊசிகள்) தனியாக வையுங்கள். பலகைகளை இறுக்கிவிட்டு, தண்டவாளத்தை வெட்டாமல் ஒரே துண்டாகக் குறுக்கே போடுங்கள். இணைப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு பித்தளைத் திருகாணி அடித்து, அதன் தலையோடு தண்டவாளத்தைச் சால்டர் செய்யுங்கள். ஆறிய பிறகுதான் கட்டிங் டிஸ்க்கால் வெட்ட வேண்டும். உள்விளிம்பில் நிற்கும் பிசிறை அரத்தால் எடுத்துவிடுங்கள். சக்கர விளிம்பு ஏறிவிடுவது அதில்தான்.

5. மின்சாரம், ஜல்லி

அடியில் ஓடும் மெயின் வயர் 1.5 சதுர மி.மீ., ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் 0.5 சதுர மி.மீ. வயரில் தனி இணைப்பு. தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஃபிஷ்பிளேட் தகட்டை நம்பாதீர்கள், நாள்பட்டால் தளர்ந்துவிடும். ஜல்லிக்கு ஒரு பங்கு ஃபெவிகால், மூன்று பங்கு தண்ணீர், சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். அந்தச் சொட்டு இல்லையென்றால் பசை முத்துமுத்தாக உருண்டு ஜல்லியையும் இழுத்துக்கொண்டு போகும். பாயின்ட்டின் நகரும் நாக்குப் பக்கம் பசை போகவே வேண்டாம்.

6. ஓட்டம்

முதலில் ஒரு பெட்டியை விரலால் தள்ளிப் பாருங்கள், பிறகு எஞ்சினை மிக மெதுவாக. ஒரே பெட்டி பல இடங்களில் கவிழ்ந்தால் கோளாறு அதன் சக்கரத்தில். எல்லாப் பெட்டியும் ஒரே இடத்தில் கவிழ்ந்தால் தண்டவாளத்தில்.