பத்திரிகை வேலையிலிருந்து எம்.பி. பதவிக்கு: போக நினைப்பவர்கள் செய்ய வேண்டியவை

தேர்தல் நெருங்கினால் பத்திரிகைக்காரர்கள் கூடும் டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பிவிடும், இன்னாருக்கு சீட்டாம் என்று. பாதிக்கு மேல் புரளிதான். ஆனால் சிலருக்கு உண்மையிலேயே கிடைக்கிறது. அப்படி எம்.பி. ஆன ஒரு நண்பருக்காக டெல்லியில் உட்கார்ந்து நாடாளுமன்றக் கேள்விகள் எழுதிக் கொடுத்தவன் நான், அதற்கு முன் பல வருஷம் பத்திரிகை டெஸ்கில் அடுத்தவர் எழுதிய செய்தியைத் திருத்தியவன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நன்றாக எழுதுவேன், மைக் கிடைத்தால் வெளுத்து வாங்குவேன் என்பதை நம்பி மட்டும் போகாதீர்கள். அங்கே எல்லாருக்கும் வாய் உண்டு. ஒரு காகிதத்தைப் பார்த்ததும் அதில் எந்த எண் இடிக்கிறது என்று தேடுவீர்கள் இல்லையா, அந்தப் பழக்கம்தான் அங்கே செல்லுபடியாகும்.

முதலில் எந்த வழியாகப் போகப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். மூன்று வழிதான். மக்களவைக்கு நேரடியாக நிற்கலாம், 25 வயது ஆகியிருந்தால் போதும். மாநிலங்களவைக்கு எம்.எல்.ஏ.க்கள் ஓட்டில் போகலாம், அதற்கு 30 வயது. அல்லது குடியரசுத் தலைவர் நியமிக்கும் 12 பேரில் ஒருவராகலாம்.

நம்ம ஊர் ஆட்களில் பலர் நுழைந்தது இரண்டாவது வழியில். காஞ்சிபுரத்தில் 'திராவிட நாடு' பத்திரிகை நடத்திய அண்ணா 1962 சட்டமன்றத் தேர்தலில் அதே காஞ்சிபுரத்தில் தோற்றார், ஆனால் கட்சிக்கு 50 எம்.எல்.ஏ.க்கள் இருந்ததால் அதே வருஷம் மாநிலங்களவைக்குப் போய்விட்டார். 'தி இந்து'வில் துணை ஆசிரியராக இருந்த கனிமொழியும் 2007-ல் மாநிலங்களவை வழியாகத்தான் உள்ளே போனார், தூத்துக்குடியில் மக்களைச் சந்தித்து ஜெயித்தது 2019-ல். முரசொலி மாறன் மட்டும் நேராக மக்களவை. 1967-ல் தென்சென்னையில் ஜெயித்த அண்ணா முதலமைச்சராகி எம்.பி. பதவியை விட்டதும் அங்கே நடந்த இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தவர் அவர்.

மாநிலங்களவை வழியின் கணக்கு எளிது. தமிழ்நாட்டுக்கு மாநிலங்களவையில் 18 இடம், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 6 காலியாகும். 234 எம்.எல்.ஏ.க்கள், 6 இடம் என்றால் ஒருவர் ஜெயிக்க 34 ஓட்டு வேண்டும். 2003-லிருந்து ஓட்டுச்சீட்டைக் கட்சி ஏஜென்டிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும் என்பதால் யாரோ மனசு மாறி உங்களுக்குப் போடுவார் என்ற கனவு வேண்டாம். கட்சித் தலைமை நினைத்தால் நீங்கள் எம்.பி., இல்லையென்றால் இல்லை.

நியமன வழி கௌரவமாகத் தெரியும். குஷ்வந்த் சிங் 1980-ல் அப்படித்தான் போனார், 'துக்ளக்' சோ 1999-ல் போனார். அரசியல் சாசனம் சொல்வது இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை என்ற நான்கைத்தான், பத்திரிகைத் தொழில் என்று ஒரு வார்த்தை கிடையாது. எப்படியோ நம்மவர்களை இலக்கியத்திலோ சமூக சேவையிலோ சேர்த்துக்கொள்கிறார்கள், சந்தோஷம்! இதில் கவனிக்க வேண்டியது ஆறு மாதக் கெடு. நியமன எம்.பி. பதவியேற்ற ஆறு மாதத்துக்குள் ஒரு கட்சியில் சேரலாம், அதற்குப் பிறகு சேர்ந்தால் பதவி போகும். 2016-ல் நியமிக்கப்பட்ட பத்திரிகையாளர் ஸ்வபன் தாஸ்குப்தா 2021 மேற்கு வங்கத் தேர்தலில் பாஜக வேட்பாளராக அறிவிக்கப்பட்டபோது இதே கேள்வி எழுந்து, அவர் மாநிலங்களவைப் பதவியை ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று. சட்டமன்றத் தேர்தலிலும் தோற்றார். பிறகு மறுபடி நியமித்தார்கள் என்பது வேறு கதை.

சரி, வேட்புமனு. டெபாசிட் மக்களவைக்கு 25,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. தேர்தல் செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு, நம்ம மாதிரிப் பெரிய மாநிலங்களில் செலவு உச்சவரம்பு 95 லட்சம். இதையெல்லாம் கட்சி வக்கீல் பார்த்துக்கொள்வார். நீங்களே உட்கார்ந்து பார்க்க வேண்டியது படிவம் 26, அதாவது பிரமாணப் பத்திரம், அதிலும் உங்கள் மேல் இருக்கும் வழக்குகள்.

பத்திரிகைக்காரன் என்றால் எங்காவது ஒரு அவதூறு வழக்கு தூங்கிக்கொண்டிருக்கும். பத்து வருஷத்துக்கு முன் வந்த செய்திக்கு யாரோ ஒரு ஊரில் போட்ட கேஸ், பதிப்பாளரும் ஆசிரியரும் வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள், நிருபர் பெயரும் அந்தப் பட்டியலில் கடைசியில் இருக்கும், நீங்கள் மறந்தே போயிருப்பீர்கள். மறக்காதீர்கள். கிரிமினல் அவதூறுக்கு அதிகபட்சத் தண்டனை இரண்டு வருஷம். இரண்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை கிடைத்தால் பதவி போகும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். 2023 மார்ச்சில் சூரத் நீதிமன்றம் ராகுல் காந்திக்குக் கொடுத்தது சரியாக அந்த இரண்டு வருஷம்தான், மறுநாளே எம்.பி. பதவி போனது, ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்த பிறகுதான் திரும்பக் கிடைத்தது. ஆகவே மனு போடுவதற்கு முன் வேலை பார்த்த ஒவ்வொரு பத்திரிகையின் சட்டப் பிரிவுக்கும் போன் போட்டு, என் பெயரில் என்ன இருக்கிறது என்று பட்டியல் வாங்குங்கள். கிரிமினல் வழக்கு இருந்தால் அதைப் பத்திரிகையிலும் டிவியிலும் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும். சொந்தக் காசில் உங்கள் மேல் உள்ள கேஸுக்கு நீங்களே விளம்பரம் கொடுக்கும் அந்த அனுபவத்தை வேறு எந்தத் தொழிலும் தராது.

ஜெயித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இனி கேள்விக்கு வருவோம்.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி, அதாவது அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டியவை, பட்டியலில் வரும். எழுத்தில் மட்டும் பதில் தருபவை 230. குறைந்தது 15 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், எது வரும் என்பது குலுக்கல். ஒருவர் பெயரில் ஒரு நாளைக்கு ஐந்து கேள்விக்கு மேல் வராது, நட்சத்திரக் கேள்வி ஒன்றுதான். கேள்வி 150 வார்த்தைக்குள் இருக்க வேண்டும், வாதம் கூடாது, அனுமானம் கூடாது, கிண்டல் கூடாது. ஒரு தகவலைச் சொல்லிக் கேட்டால் அது சரி என்பதற்கு நீங்களே பொறுப்பு. பேப்பரில் வந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது, அந்தப் பேப்பரில் அதை எழுதியதே நீங்களாக இருந்தாலும்.

நண்பர் முதல் கூட்டத்தொடரில் எழுதி வந்த ஒரு கேள்வி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தொகுதியில் ஒரு ரயில்வே மேம்பாலம் பாதியில் நிற்கிறது. "பல்லாண்டுகளாக மக்கள் படும் அவதியை அரசு அறியுமா, பணியை விரைந்து முடிக்க அரசு ஆவன செய்யுமா?" என்று எழுதியிருந்தார். தலையங்கத்துக்கு நல்ல முடிவு. கேள்வியாகப் போனால் "ஆம், பணி நடைபெற்று வருகிறது" என்று ஒரு வரி வரும், கதை முடிந்தது. அதைக் கிழித்துவிட்டு இப்படி எழுதினோம்: (அ) இந்தப் பாலத்துக்கு ஒப்புதல் தரப்பட்ட தேதி, (ஆ) முதல் மதிப்பீடும் திருத்திய மதிப்பீடும், (இ) கடந்த ஐந்து ஆண்டுகளில் வருஷவாரியாக ஒதுக்கிய தொகை, செலவான தொகை, (ஈ) எடுக்க வேண்டிய நிலத்தில் பாக்கி எவ்வளவு, அது யார் கையில் நிற்கிறது, (உ) முடியும் தேதி. வந்த பதிலில் ஒதுக்கியதும் செலவானதும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் இருந்தன. இரண்டு வருஷம் ஒதுக்கிய பணத்தில் ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. அதற்கு மேல் நாங்கள் எதுவும் வர்ணிக்கத் தேவைப்படவில்லை.

"தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று பதில் வந்தால் எரிச்சல்பட்டு விட்டுவிடாதீர்கள். அது ஓர் உறுதிமொழி. அதைக் கண்காணிக்கவே அரசு உறுதிமொழிகளுக்கான குழு இருக்கிறது, நிறைவேற்ற மூன்று மாதக் கெடு. தேதியைக் குறித்து வைத்து, மூன்று மாதம் ஆனதும் எழுதிக் கேளுங்கள்.

அப்புறம், கேள்வி அனுப்பும் இணையக் கணக்கின் பாஸ்வேர்டு. என்னைப் போன்ற உதவியாளன் எழுதித் தருவான், அனுப்புவது நீங்களாக இருக்கட்டும். அதை வெளியாளிடம் கொடுத்ததாக எழுந்த புகாரில் 2023 டிசம்பரில் ஓர் எம்.பி.யின் பதவியே பறிபோனது.

கேள்வி என்றால் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க ஃபெரோஸ் காந்தியைப் படிக்கச் சொல்வேன். அவர் நிருபர் இல்லை, லக்னோவில் 'நேஷனல் ஹெரால்டு' பத்திரிகையின் நிர்வாகத்தைப் பார்த்தவர், 1952-லும் 1957-லும் ரேபரேலி பக்கத்திலிருந்து மக்களவைக்கு வந்தவர், பிரதமர் நேருவின் மருமகன். அரசின் எல்.ஐ.சி. நிறுவனம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியிருந்தது, அந்தக் கம்பெனிகளோ ஆட்டம் கண்டுகொண்டிருந்தன. 1957 செப்டம்பரில் இதைப் பற்றி ஒரு கேள்வி வந்தபோது நிதியமைச்சகம் மழுப்பியது. சாதாரண எம்.பி. அத்தோடு விட்டிருப்பார். ஃபெரோஸ் மூன்று மாதம் காகிதங்களைச் சேகரித்துக்கொண்டு டிசம்பர் 16-ம் தேதி எழுந்தார். எந்தப் பங்கை எந்த விலைக்கு வாங்கினார்கள், சந்தையில் அதன் விலை என்ன என்று அவர் அடுக்கிய பிறகு அரசு நீதிபதி சாக்ளாவை விசாரணைக்கு நியமிக்க வேண்டியதாயிற்று, பொது விசாரணை, ஒரு மாதத்துக்குள் அறிக்கை. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம்ம சென்னைக்காரர், ராஜினாமா செய்தார்.

ஆளும் கட்சி எம்.பி. செய்த வேலை இது. இன்றைக்குக் கட்சி சொல்படி ஓட்டுப் போட வைக்கும் கொறடா இருக்கிறாரே, எப்படி முடியும் என்பீர்கள். கட்சித் தாவல் சட்டம் கட்டிப்போடுவது அவையில் நீங்கள் போடும் ஓட்டைத்தான். கேள்விக்கு நோட்டீஸ் கொடுப்பதை அது தடுக்கவில்லை. கட்சி முகம் சுளிக்கும், அடுத்த முறை சீட்டு கிடைக்காமலும் போகலாம், அது உண்மை. அந்தக் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும்.

ஃபெரோஸ் செய்த இன்னொரு காரியம் நம் தொழிலுக்கு நேரடியாகப் பட்டது. அவைக்குள் எம்.பி. பேசுவதற்கு வழக்குப் போட முடியாது, ஆனால் அதை அப்படியே அச்சடிக்கும் பத்திரிகைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமல் இருந்தது. அதற்காக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா 1956-ல் சட்டமானது. எமர்ஜென்சியில் அவர் மனைவி இந்திராவின் அரசே அதை ரத்து செய்தது, 1977-ல் ஜனதா அரசு திரும்பக் கொண்டுவந்தது.

இதிலிருந்து உங்களுக்கு இரண்டு எச்சரிக்கை. அவைக்குள் சொன்னதை வாசலில் மைக் முன் திரும்பச் சொன்னால் பாதுகாப்பு கிடையாது, பழைய சகாக்கள் மைக்கை நீட்டி "சார், உள்ளே சொன்னதைக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்பார்கள், பாசத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட வார்த்தைகளை உங்கள் பேச்சு வீடியோவில் வைத்துப் போடாதீர்கள். அவசரப்பட்டு உடனே அப்லோட் செய்யாமல், நீக்கியது எது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பத்திரிகைக்காரனுக்கு உண்மையிலேயே கஷ்டமான இடம் நிலைக்குழு, அதாவது ஒரு துறையின் வேலையை உட்கார்ந்து ஆராயும் எம்.பி.க்கள் குழு. மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10 என 31 பேர் உட்காருவார்கள், கேமரா கிடையாது, துறைச் செயலாளர் வந்து பதில் சொல்வார். முதல் பக்கச் செய்திகள் வரிசையாக உங்கள் கண் முன்னால் போகும், ஒன்றையும் வெளியே சொல்லக் கூடாது, அறிக்கை அவையில் வைக்கப்படும் வரை எல்லாம் ரகசியம். நண்பர் முதல் கூட்டம் முடிந்து வந்த அன்று இரவு முழுக்கப் புரண்டு படுத்தார். நோட்டு எடுத்து வையுங்கள், அறிக்கை வந்த பிறகு அதை வைத்துக் கேள்வி போடலாம்.

பத்தி எழுதுவதைத் தொடரலாமா என்று கேட்பவர்களுக்கு: தொடரலாம். ஆனால் மாநிலங்களவையில் நலன் பதிவேடு என்று ஒன்று உண்டு, சம்பளமாக வருகிற தொடர்ச்சியான வேலையை அதில் சொல்லிவிட வேண்டும். பத்தியின் கீழே இன்ன கட்சி எம்.பி. என்று போடச் சொல்லுங்கள். 'மூத்த பத்திரிகையாளர்' என்று மட்டும் போட்டுக்கொண்டு கட்சி நிலைப்பாட்டை எழுதுவது எனக்குப் பிடிக்காத வேலை, வாசகருக்கும் அது தெரிந்துவிடும்.

பதவிக்காலம் முடிந்ததும் திரும்பி வர முடியுமா? குல்தீப் நய்யார் வந்தார். 1997-ல் நியமன எம்.பி.யாகி 2003-ல் வெளியே வந்தவர். அந்த வருஷம்தான் மாநிலங்களவைத் தேர்தலில் வெளிப்படை ஓட்டும், எந்த மாநிலத்துக்காரரும் எந்த மாநிலத்திலிருந்தும் நிற்கலாம் என்ற திருத்தமும் வந்தன. இரண்டையும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 2006-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. அவர் பத்தி அதற்குப் பிறகும் பல வருஷம் வந்துகொண்டிருந்தது.