பழைய ரைஃபிள் வாங்கும்போது துருவை எங்கே தேடுவது?

பழைய ரைஃபிளை விற்க நினைப்பவர் முதலில் பளபளப்பாக்குவது வெளிப்பக்கத்தைத்தான். வெளியே தெரியும் லேசான துருவுக்கு நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். குழலுக்குள்ளும் மரக்கட்டைக்கு அடியிலும் இருப்பதுதான் ஆபத்து. போல்ட் வகை ரைஃபிளை, அதாவது குழலின் பின்பக்கத்தை மூடும் இரும்புத் தண்டைக் (போல்ட்) கையால் இழுத்துத் திறக்கும் வகையை வைத்தே சொல்கிறேன். சின்ன டார்ச், பூதக்கண்ணாடி, வெள்ளைப் பருத்தித் துணி, குழல் துடைக்கும் கம்பி ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

1. காலியா என்று பாருங்கள்
விற்பவர் என்ன சொன்னாலும் சரி, போல்ட்டைத் திறந்து சேம்பரையும் (சுடும்போது தோட்டா உட்காரும் அறை) மேகசினையும் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) கண்ணால் பார்த்து, விரல் விட்டும் தடவிப் பாருங்கள். அதுவரை வேறு எதிலும் கை வைக்காதீர்கள்.

2. குழலின் உள்பக்கம்
போல்ட்டைக் கழற்றியதும் டார்ச் அடிக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். உள்ளே எண்ணெய் இருந்தால் குழிகளை நிரப்பிக்கொண்டு கண்ணாடி போல மின்னும். முதலில் உலர்ந்த துணியை விட்டுத் துடையுங்கள். துணியில் செம்பழுப்பு நிறம் வந்தால் அது துரு. பிறகு ஒரு முனையிலிருந்து வெளிச்சம் காட்டுங்கள். சுருள் வரிகளின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். பிரஷ் போட்டுத் தேய்த்தும் போகாத கரும்புள்ளிகள் பெரும்பாலும் அரித்த குழிகள்.

பழைய ராணுவ ரைஃபிள் என்றால் இன்னும் கவனம் தேவை. அந்தக் காலத்துத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும், தோட்டாவின் அடியிலுள்ள சிறு மூடி) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது உப்பாகக் குழலில் படிந்து, காற்றின் ஈரத்தை இழுக்கும். வெறும் எண்ணெய்க்கு அந்த உப்பு கரையாது, தண்ணீர் விட்டுத்தான் கழுவ வேண்டும். அப்படிக் கழுவாமல் விட்ட குழல்கள்தான் உள்ளே அரித்துப்போயிருக்கும்.

குழலுக்குள் ஓரிடத்தில் வளையம் போல நிழல் விழுகிறதா? அடைப்போடு சுட்டதில் குழல் உப்பியிருக்கலாம். அதை வாங்கவே வாங்காதீர்கள்.

கடைசியாக வாய் விளிம்பு. பஞ்சை உள்ளிருந்து வெளியே இழுங்கள். நூல் சிக்கும் இடத்தில் பிசிறோ நசுங்கலோ இருக்கிறது. குண்டு கடைசியாகத் தொடும் இடம் அது, அங்கே சிறு சேதம் இருந்தாலும் குறி விலகும்.

3. மரத்துக்கு அடியில்
கட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மழைநீரும் வியர்வையும் மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே தங்கிவிடும். மேலே கருநீலப் பூச்சு புதிதுபோல இருக்க, மரம் மறைத்த கோட்டுக்குக் கீழே இரும்பு பொரிந்து கிடப்பது சகஜம். நைஸான ஸ்டீல் வூலில் எண்ணெய் தொட்டு ஓரிடத்தில் மெல்லத் தேய்த்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். மேல்துரு போய்விடும், குழி அப்படியே நிற்கும். கழற்ற மறுத்தால் நான் வாங்க மாட்டேன். கைப்பிடி ஒடுங்கும் இடத்தில் மரம் விரிசல் விட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

4. மறுபூச்சின் அடையாளம்
பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கி, ஸ்க்ரூ துளைகள் குழிந்திருந்தால், துருவைத் தேய்த்தெடுத்துவிட்டுப் புதுப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள்.

5. போல்ட்டும் சேஃப்டியும்
போல்ட் முகத்தில், பிரைமரை அடிக்கும் ஊசி வெளிவரும் துளையைச் சுற்றி அரிப்பு இருந்தால், பிரைமர் வழியே வாயு கசிந்திருக்கிறது. பிறகு, விற்பவரின் சம்மதத்தோடு, காலி ரைஃபிளில் சேஃப்டியை (சுடாமல் தடுக்கும் பூட்டு) போட்டு விசையை இழுங்கள். விட்டுவிட்டு சேஃப்டியை எடுங்கள். அப்போது ஊசி தானாக விழுந்தால் பழுது.

போல்ட்டின் எண்ணும் உடலின் எண்ணும் வேறாக இருந்தால், சுடுவதற்கு முன் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸை (போல்ட் முகத்துக்கும், சேம்பரில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். உடலில் இருக்கும் எண் உரிமப் பத்திரத்தோடு ஒத்துப்போகாவிட்டாலோ, தேய்த்து அழிக்கப்பட்டிருந்தாலோ பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.