கால்பந்து விதிகளில் நாம் பாதி மட்டும் கற்றுவைத்திருப்பவை

2010 உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மெக்சிகோவின் கார்லோஸ் வேலா பந்தை வலைக்குள் தள்ளினார். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிவிட்டார். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கோல் கோட்டை ஒட்டியே தென்னாப்பிரிக்க வீரர் ஒருவர் நின்றிருந்தார். "பின்னாடி ஒரு ஆள் நிக்கிறாரே, அப்புறம் எப்படி ஆஃப்சைடு?" என்று ஆளாளுக்குக் கேட்டோம்.

கொடி சரியாகத்தான் உயர்ந்தது. நாங்கள் ஆஃப்சைடை ஒரே வரியில் கற்றிருந்தோம்: கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நிற்கக் கூடாது. விதி சொல்வது வேறு. எதிரணியின் கடைசி ஆளுக்கு முந்தைய ஆளைத்தான் அது கணக்கில் எடுக்கிறது. வழக்கமாக கோலி, அதாவது கோல்கீப்பர், கடைசியில் நிற்பதால், அவருக்கு முன்னால் இருக்கும் டிஃபெண்டர் 'கடைசிக்கு முந்தையவர்' ஆகிவிடுகிறார். அதனால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அன்றைக்கு கோலி பந்தைப் பிடிக்க முன்னால் ஓடி வந்துவிட்டார். வேலாவுக்கு அப்பால் இருந்தது ஒரே ஒருவர். இரண்டு பேர் இருந்திருக்க வேண்டும்.

கால்பந்து விதிகள் மொத்தம் 17தான். ஆனால் நம்மில் பெரும்பாலோர் அவற்றைப் படித்துக் கற்றதில்லை. கோட்டோரம் நின்று, யாரோ கத்துவதைக் கேட்டுக் கற்றோம். அப்படிக் கேட்ட வரிகளில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கும். சண்டை எப்போதும் அந்தச் சொல்லில்தான் வருகிறது.

"அங்கே நின்றாலே ஆஃப்சைடு"

ஆஃப்சைடு இடத்தில் நிற்பது தவறே இல்லை. அங்கே நின்றபடி ஆட்டத்தில் தலையிட்டால்தான் தவறு: பந்தைத் தொடுவது, கோலியின் பார்வையை மறைப்பது, எதிராளியோடு பந்துக்காக மோதுவது. அந்தப் பக்கம் ஒருவர் சும்மா நடந்து வந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் வேறொருவர் கோல் அடித்தால் அது கோல்தான்.

அடுத்தது, எந்த நேரத்தைப் பார்க்க வேண்டும் என்பது. பந்து வந்து சேரும்போது எங்கே இருந்தார் என்று பார்க்கக் கூடாது. கூட்டாளியின் காலில் பந்து பட்ட அந்த நொடியில் எங்கே இருந்தார் என்பதுதான் கணக்கு. வேகமான ஃபார்வர்டு ஒருவர் பந்து உதைக்கப்பட்டதும் சீறிக் கிளம்பி, பந்தை எடுக்கும்போது எல்லாரையும் தாண்டி ஐந்து மீட்டர் தள்ளி நிற்பார். கோட்டோரம் இருப்பவர்கள் "ஆஃப்சைடு, ஆஃப்சைடு" என்று கத்துவார்கள். அவர்கள் பார்த்தது தவறான நொடியை.

சொந்தப் பாதியில் இருந்தால் ஆஃப்சைடு இல்லை. டிஃபெண்டருக்குச் சமமாக நின்றாலும் இல்லை. பந்துக்குப் பின்னால் இருந்தாலும் இல்லை. கை நீட்டியிருந்தால் அந்தக் கை கணக்கில் வராது. தலை, உடல், கால் மட்டும்தான். த்ரோ-இன் (பக்கக் கோட்டிலிருந்து கையால் எறிவது), கோல்கிக் (தன் கோலின் முன்னாலிருந்து உதைப்பது), கார்னர் (எதிரணியின் மூலைக் கொடியருகிலிருந்து உதைப்பது) மூன்றிலிருந்தும் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. ஆனால் இந்த 'நேராக' என்ற சொல்லை மறந்துவிடுகிறோம். வேலாவின் கோலே கார்னரில் தொடங்கியதுதான். கார்னரிலிருந்து வந்த பந்தைக் கூட்டாளி ஒருவர் தலையால் தட்டிவிட, அது வேலாவிடம் போனது. அந்த இரண்டாவது தொடுதலோடு ஆஃப்சைடு மறுபடி உயிர்பெற்றுவிடுகிறது.

இன்னொன்று. ஒருவர் கோலை நோக்கி அடிக்கிறார், கோலி தட்டிவிடுகிறார், ஆஃப்சைடு இடத்தில் நின்றிருந்த கூட்டாளி அதை உள்ளே தள்ளுகிறார். "கோலி தொட்டாச்சே, இனி ஆஃப்சைடு கிடையாது" என்று வாதாடுவோம். கிடையாது என்பது தப்பு. கோலி தடுத்து வந்த பந்தும் சரி, கம்பத்தில் பட்டு வந்த பந்தும் சரி, அடித்த நொடியில் அவர் எங்கே இருந்தார் என்பதே கேள்வி.

"கையில் பட்டுவிட்டது, ஹேண்ட்பால்!"

ஆட்டக்காரர்களையும் நடுவர்களையும் இதைவிட அதிகம் படுத்தும் விதி வேறில்லை என்று நினைக்கிறேன். கையில் பட்டது எல்லாமே தவறு என்றிருந்தால் எளிமையாக இருந்திருக்கும். ஆனால் அது நியாயமாக இருக்காது. மூன்று அடி தூரத்திலிருந்து ஒருவர் ஓங்கி அடித்த பந்து, உடம்போடு ஒட்டியிருக்கும் கையில் பட்டால் அவர் என்ன செய்ய முடியும்?

நடுவர் முதலில் பார்ப்பது, வேண்டுமென்றே தொட்டாரா என்பது. கை பந்தை நோக்கிப் போனதா, பந்து கையை நோக்கி வந்ததா? அடுத்து, கையை இயல்புக்கு மீறி விரித்து உடம்பைப் பெரிதாக்கிக்கொண்டாரா என்பது. தோள் கையில் சேராது. அக்குளின் அடிக்கோட்டுக்குக் கீழேதான் 'கை' தொடங்குகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் விதி தயவு பார்ப்பதில்லை: கோல் அடித்தவரின் கையிலேயே பட்டு பந்து உள்ளே போனால், அல்லது கையில் பட்டவுடனே அவரே கோல் அடித்தால், தெரியாமல் பட்டிருந்தாலும் கோல் செல்லாது.

அதே 2010 உலகக் கோப்பையின் காலிறுதியில் கானாவுக்கும் உருகுவேக்கும் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடம். ஸ்கோர் 1-1. உள்ளே போய்க்கொண்டிருந்த பந்தை உருகுவேயின் லூயிஸ் சுவாரஸ் கோட்டில் நின்று கையால் தடுத்தார். சிவப்பு அட்டை, பெனால்ட்டி. அசமோவா கியான் அடித்த பெனால்ட்டி மேல்கம்பத்தில் பட்டுப் போனது. பிறகு, சமநிலையை முறிக்க இரு அணிகளும் மாறி மாறிப் பெனால்ட்டி அடிக்கும் ஷூட்-அவுட்டில் கானா தோற்றது. "அதைக் கோலாகவே கொடுத்திருக்க வேண்டாமா?" என்று இன்றும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வியில் இருக்கும் வலி எனக்கும் உண்டு. ஆனால் பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டாமல் கோல் கொடுக்கும் அதிகாரம் நடுவருக்கு இல்லை.

'முழுதாக' என்பதையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. கோட்டின் மேல் ஒரு பந்தை வையுங்கள். மெல்ல வெளியே உருட்டுங்கள். பந்து தரையைத் தொடும் புள்ளி கோட்டைத் தாண்டி புல்லுக்குப் போய்விட்டது. பக்கத்திலிருந்து பார்த்தால் வெளியே போனதுபோலவே இருக்கும். இப்போது நேர் மேலே குனிந்து பாருங்கள். பந்தின் வயிறு இன்னும் கோட்டின் மேல் தொங்கிக்கொண்டிருக்கும். சுமார் 22 செ.மீ. அகலமுள்ள பந்து அது. அந்த வயிறும் தாண்டினால்தான் வெளியே. 2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பானின் மிட்டோமா கோட்டோரத்திலிருந்து திருப்பிய பந்து இப்படித்தான் உலகையே குழப்பியது. வீடியோவைப் பார்த்துச் சரிபார்க்கும் விஏஆர் அது உள்ளேதான் என்றது, கோல் நின்றது, ஜப்பான் 2-1 என்று வென்றது.

"பந்தைத்தான் தொட்டேன்"

ஃபவுல் கொடுத்தவுடன் கையால் பந்து வடிவத்தைக் காற்றில் வரைந்து காட்டுவார்களே, அதற்கு விதியில் இடமில்லை. பந்தை முதலில் தொட்டதாலேயே ஒருவர் தப்பித்துவிட முடியாது. கவனமில்லாமலோ, எதிராளிக்கு ஆபத்து என்று எண்ணாமலோ, அளவுக்கு மீறிய பலத்தோடோ மோதினாரா என்றுதான் நடுவர் பார்க்கிறார். பந்தைத் தொட்டுவிட்டு அதே வேகத்தில் எதிராளியின் கணுக்காலை நசுக்கினால் சிவப்பு அட்டை கிடைக்கலாம், கிடைக்கவும் வேண்டும். பயிற்சியாளர்களுக்கு என் வேண்டுகோள்: "பந்தைப் பாரு" என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். பந்துக்குப் பின்னால் இருக்கும் காலையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதோடு ஒட்டியது "கடைசி ஆள் மடக்கினால் ரெட் கார்டு." அப்படி ஒரு விதி இல்லை. தெளிவான கோல் வாய்ப்பைத் தடுத்தாரா என்பதே கேள்வி. கோல் எவ்வளவு தூரம், ஆட்டம் எந்தத் திசையில் போகிறது, பந்து அவர் கட்டுப்பாட்டுக்கு வருமா, மற்ற டிஃபெண்டர்கள் எங்கே என்று நான்கையும் சேர்த்துப் பார்ப்பார்கள். கார்னர் கொடியை நோக்கி ஓடுபவரைக் கடைசி ஆள் வீழ்த்தினால் பெரும்பாலும் மஞ்சள் அட்டைதான். 2016 முதல் இன்னொரு மாற்றமும் உண்டு. கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்ட்டி பாக்ஸுக்குள், பந்துக்காக முயன்று தவறிய ஃபவுல் என்றால் பெனால்ட்டியும் மஞ்சள் அட்டையும் போதும். சட்டையைப் பிடித்து இழுத்தாலோ தள்ளினாலோ சிவப்புதான்.

கோலி செய்யும் தவறுகள்

பள்ளி நாட்களில் நான் கோலியாக நின்றவன். ஒரு ஆட்டத்தில் எதிரணிக்கு பாக்ஸுக்கு வெளியே ஒரு ஃப்ரீகிக். நடுவர் ஒரு கையை மேலே உயர்த்தி நின்றார். பந்தை மறிக்க வரிசையாக நின்ற எங்கள் ஆட்களின் சுவரைத் தாண்டி பந்து நேராக என் இடப்பக்க மூலைக்கு வந்தது. பாய்ந்தேன். விரல் நுனியில் பட்டது. பட்டும் உள்ளே போய்விட்டது. நன்றாகத்தான் பாய்ந்தோம், பந்து வேகம் என்று தேற்றிக்கொண்டேன். அப்புறம்தான் எங்கள் பயிற்சியாளர் சொன்னார்: "நீ தொடாம விட்டிருந்தா கோலே இல்லடா."

கையை உயர்த்தினால் அது மறைமுக ஃப்ரீகிக். அடித்தவரைத் தவிர இன்னொருவர் தொட்ட பிறகுதான் கோல் ஆகும். யாரும் தொடாமல் நேராக வலைக்குள் போனால் எங்களுக்கு கோல்கிக் கிடைத்திருக்கும். அந்த 'இன்னொருவர்' எதிரணிக்காரராகவும் இருக்கலாம், கோலியாகவும் இருக்கலாம். அன்று அது நான். ஃப்ரீகிக் கிடைக்கும்போது பந்தைப் பார்க்கும் முன் நடுவரின் கையைப் பாருங்கள் என்று இன்றும் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் அதைத்தான் சொல்கிறேன்.

பேக் பாஸ் விதி 1992-இல் வந்தது. கூட்டாளி வேண்டுமென்றே காலால் உதைத்துத் தந்த பந்தைக் கோலி கையால் எடுக்கக் கூடாது. இதில் விட்டுப்போகும் சொற்கள் 'வேண்டுமென்றே', 'காலால்' இரண்டும். தலையாலோ மார்பாலோ தந்தால் எடுக்கலாம். டிஃபெண்டரின் காலில் தவறிப் பட்டு வந்தாலும் எடுக்கலாம். ஆனால் கூட்டாளியின் த்ரோ-இன்னை நேராகக் கையில் எடுக்கக் கூடாது. இது பலருக்குத் தெரிவதில்லை. தவறு செய்தால் தண்டனை மறைமுக ஃப்ரீகிக்தான், பெனால்ட்டி இல்லை.

பந்தைக் கையில் வைத்திருக்கும் நேரமும் மாறிவிட்டது. முன்பு 6 நொடி என்று எழுதியிருந்தும் யாரும் எண்ணியதில்லை. 2025-26 சீசனிலிருந்து 8 நொடி. கடைசி ஐந்தை நடுவர் கை விரல்களைக் காட்டி எண்ணுகிறார். தாண்டினால் எதிரணிக்கு கார்னர்.

த்ரோ-இன், கோல்கிக், மற்றவை

த்ரோ-இன்னில் குதிகால் தூக்கினால் தவறு என்று விசில் ஊதும் நடுவர்களையே பார்த்திருக்கிறேன். இரண்டு பாதங்களிலும் ஏதாவது ஒரு பகுதி கோட்டின் மேலோ வெளியே தரையிலோ இருந்தால் போதும். குதிகால் மேலே, விரல் நுனி தரையில் என்றால் சரிதான். குதிகால் கோட்டில் இருக்க விரல்கள் உள்ளே நீண்டிருந்தாலும் சரிதான். ஒரு கால் முழுதாகக் காற்றிலோ கோட்டைத் தாண்டி உள்ளேயோ போனால்தான் தவறு. இரண்டு கைகளாலும், தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக எறிய வேண்டும். த்ரோ-இன்னிலிருந்து நேராக கோல் அடிக்க முடியாது.

கோல்கிக் பாக்ஸை விட்டு வெளியே போக வேண்டும் என்ற விதி 2019-லேயே போய்விட்டது. இப்போது கூட்டாளி பாக்ஸுக்குள்ளேயே வாங்கிக்கொள்ளலாம். எதிரணியினர்தான் வெளியே நிற்க வேண்டும். கிக்-ஆஃப் முன்னோக்கித்தான் போக வேண்டும் என்பதும் பழைய கதை. 2016 முதல் எந்தத் திசையிலும் உதைக்கலாம். பாதி முடியும்போது, வீணான நேரத்துக்காகப் பலகையில் காட்டும் 5 நிமிடம் குறைந்தபட்ச நேரம். அதற்குள்ளும் நேரம் வீணானால் நடுவர் நீட்டலாம், ஆனால் குறைக்க முடியாது.

கடைசியாக, பெனால்ட்டி. உதைக்கும் நொடியில் கோலியின் ஒரு பாதத்தின் ஏதாவது ஒரு பகுதி கோட்டிலோ, அதற்கு நேர் மேலேயோ, பின்னாலோ இருந்தால் போதும். இரண்டு பாதமும் ஒட்டியிருக்கத் தேவையில்லை. ஆட்டத்தின் நடுவே கொடுத்த பெனால்ட்டி கம்பத்தில் பட்டுத் திரும்பினால், உதைத்தவரே ஓடிப்போய் மறுபடி உதைக்கக் கூடாது. கோலியின் மேல் பட்டுத் திரும்பினால் உதைக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, வலைக்குள் அடித்துவிட்டுக் கொண்டாடத் தொடங்குபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

இன்னொருவர் தொடும் முன் உதைத்தவரே மறுபடி தொடக் கூடாது என்ற இதே விதிதான் 2025 மார்ச்சில் ஹூலியன் அல்வாரஸை வீழ்த்தியது. சாம்பியன்ஸ் லீக்கில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான ஷூட்-அவுட்டில் அத்லெட்டிகோ மாட்ரிட்டுக்காக உதைக்க வந்தவர் வழுக்கினார். தரையில் ஊன்றிய காலில் முதலில் லேசாக உரசிய பந்து, வலது காலால் உதைக்கப்பட்டு வலைக்குள் போனது. இரண்டு முறை தொட்டதாக விஏஆர் சொல்ல, கோல் ரத்தானது. அதன் பிறகு விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபி இதைத் தெளிவுபடுத்தியது. தெரியாமல் இரண்டு கால்களும் பட்டு பந்து உள்ளே போனால், இப்போது மறுபடி உதைக்க விடுவார்கள். உள்ளே போகாவிட்டால், ஆட்டத்தின் நடுவே என்றால் பெரும்பாலும் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீகிக். ஷூட்-அவுட்டில் என்றால் அந்த உதை அவ்வளவுதான்.