தலை குனியாதே: அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு பிளே, அதாவது பந்து ஆட்டத்துக்கு வந்து மறுபடி நிற்கும்வரை நடப்பது, ஐந்தாறு நொடிதான் ஓடும். அப்புறம் அரை நிமிடம் போல நின்று மூச்சு வாங்கிவிட்டு அடுத்ததற்கு வரிசை கட்டுவார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு பயிற்சி மைதானத்தைப் பார்த்தால் பாதித் தவறுகள் தாமாகவே கண்ணில் படும். ஆட்டத்தில் ஒருபோதும் நடக்காத எதையோ பையன்கள் மணிக்கணக்கில் செய்துகொண்டிருப்பார்கள்.

இருப்பதிலேயே ஆபத்தான தவறு டேக்கிளில், அதாவது பந்தோடு ஓடுபவனைப் பிடித்து வீழ்த்துவதில், நடக்கிறது. புதிதாக ஆட வந்த பையனைக் கவனியுங்கள். எதிரே பந்தோடு ஒருவன் ஓடிவருகிறான். மூன்றடி தூரம் வரும்வரை இவன் கண் அவன்மேல்தான் இருக்கும். மோதப்போகும் கணத்தில் கண் மூடிக்கொள்ளும், மோவாய் நெஞ்சைத் தொடும், ஹெல்மெட்டின் உச்சி முன்னால் போகும். பயத்தில் உடம்பு செய்கிற வேலை அது, பையனைத் திட்டிப் பயனில்லை. ஆனால் தலை குனிந்ததும் கழுத்தின் இயல்பான வளைவு நேராகிவிடுகிறது. வளைவு இருந்தால் தசைகள் அடியை ஓரளவு வாங்கிக்கொள்ளும். நேரானபின் மோதலின் வேகம் முழுவதும் கழுத்தெலும்பில்தான் இறங்கும். கழுத்து முறிந்து கை கால் விளங்காமல் போனவர்களில் பலர் இப்படி மோதியவர்கள்தாம். ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும், கழுத்தைக் காக்காது.

அமெரிக்காவில் 1976-இல் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் தலையால் முட்டுவதைத் தடை செய்தார்கள். அதன்பின் இந்த வகைக் காயங்கள் வெகுவாகக் குறைந்தன. தொழில்முறை லீகான என்எஃப்எல்லும் 2018-இல் ஹெல்மெட்டைத் தாழ்த்தி மோதுவதைக் குற்றமாக்கியது. விதி மாறிவிட்டது சரி, சொல்லிக்கொடுக்கும் விதம் பல இடங்களில் மாறவில்லை. ‘தலையை அவனுக்கு முன்னால் குறுக்கே போடு’ என்பது பழைய கோச்சுகளின் பாடம். ஓடிவருபவனின் முழங்காலும் இடுப்பும் போய் இடிக்கும் இடம் அதுதான். சியாட்டில் சீஹாக்ஸ் அணியின் அன்றைய பயிற்சியாளர் பீட் கேரல் ரக்பியிலிருந்து எடுத்து 2014 வாக்கில் பரப்பிய முறை இதற்கு நேர்மாறு. பார்வை எதிராளியின் இடுப்புக்கும் தொடைக்கும் போகும். தோள்பட்டை தொடையில் பதியும், தலை அவனுக்குப் பின்பக்கமாக ஒதுங்கும், இரண்டு கையும் காலைச் சுற்றி இறுகும். எந்தத் தோளால் மோதுகிறோமோ அந்தப் பக்கத்துப் பாதம் எதிராளியின் பாதத்துக்கு அருகில் ஊன்றியிருக்க வேண்டும். பாதம் தூரத்தில் நின்றுவிட்டால் உடம்பு எட்டிப் பாயும். பாய்ந்தால் தலை தாழும், அவ்வளவுதான்.

இதை முதல் நாளே முழு வேகத்தில் ஆளோடு ஆள் மோதவிட்டுக் கற்றுக்கொடுப்பது அடுத்த தவறு. மண்டியிட்ட நிலையில் தொடங்கலாம், பிறகு ஓரடி, பிறகு நடை. ஓட்டம் வந்தபின் உருட்டிவிட்ட பெரிய ஸ்பாஞ்சு வளையத்தைத் துரத்திப் பிடிக்கச் சொல்லலாம். டார்ட்மத் கல்லூரியில் பயிற்சியாளர் பட்டி டீவென்ஸ் 2010-இல் பயிற்சியின்போது வீரர்கள் ஒருவரையொருவர் டேக்கிள் செய்வதையே நிறுத்திவிட்டார். பின்னாளில் ரிமோட்டில் ஓடும் பொம்மையைக்கூட அங்கே செய்தார்கள். டேக்கிள் மறந்துபோகும் என்று கேலி செய்தவர்கள் இருந்தார்கள். 2015-இல் அந்த அணி கல்லூரி அணிகளின் ஐவி லீக் தொடரில் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. அடுத்த ஆண்டு ஐவி லீக் முழுவதுமே சீசன் நேரப் பயிற்சியில் டேக்கிளைக் கைவிட்டது.

இதோடு ஓக்லஹோமா டிரில் என்ற பயிற்சியையும் சொல்லிவிட வேண்டும். குறுகலான ஒரு பாதை. இரண்டு பேர் எதிரெதிரே குந்தி நிற்பார்கள், பின்னால் பந்தோடு ஒருவன். சுற்றி நின்று மற்றவர்கள் கத்துவார்கள். ஏறக்குறைய ஆட்டுக்கிடா சண்டைதான். ஒதுங்க இடமில்லாமல் நேருக்கு நேர் முட்டும் இந்த நிலை ஆட்டத்தில் அபூர்வம். அதனால் பையனின் துணிச்சல் தெரியுமே தவிர, கால் வைப்பு எதுவும் திருந்தாது. 2019-இல் என்எஃப்எல் இதைத் தடை செய்தது. ‘எங்கள் காலத்தில்…’ என்று ஆரம்பிக்கும் பெரியவர்கள் இன்னும் இதற்காக ஏங்குகிறார்கள், ஏங்கட்டும்.

அடுத்தது வெயில். சீசனுக்கு முந்தைய முகாம்கள் ஜூலை, ஆகஸ்டில் நடக்கும், அமெரிக்காவில் அது கடும் கோடை. மினசோட்டா வைக்கிங்ஸ் அணி வீரர் கோரி ஸ்ட்ரிங்கர் 2001 ஜூலை 31-இல் முகாமில் சுருண்டு விழுந்து மறுநாள் இறந்தார். அவருக்கு வயது 27. தண்ணீர் கேட்பவன் கோழை என்ற பேச்சு ஒரு காலத்தில் சாதாரணம். அது ஒழிந்தாலும் அதன் தம்பிமார் இருக்கிறார்கள். முதல் நாளே முழுக் கவசத்தோடு இறக்குவது அதில் ஒன்று. முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும், பிறகு தோள் கவசம், ஆறாம் நாள் முதல்தான் முழு உடுப்பு என்பது பள்ளி வீரர்களுக்கான பரிந்துரை. உடம்பு வெயிலுக்குப் பழகச் சில நாள் வேண்டும். இன்னொன்று, தடுமாறிப் பேச்சுக் குழறும் பையனை நிழலில் உட்காரவைத்து ஆம்புலன்சுக்குக் காத்திருப்பது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்கிக் குளிரவைத்த பிறகுதான் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தொட்டி இல்லையென்றால் தார்ப்பாயில் அவனைக் கிடத்தி, நாலு பேர் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, ஐஸ் நீரை ஊற்றலாம். முகாம் தொடங்கும் முன்பே ஐஸ் தயாராக இருக்கிறதா என்று பெற்றோர் கேட்பதில் தப்பே இல்லை.

தண்டனையாகவோ தம் கூட்டவோ மூச்சு முட்ட ஓடவிடுவதும் இந்த வகையறாதான். ரைஸ் பல்கலைக்கழக வீரர் டேல் லாய்ட் 2006-இல் இறந்தது, தொடர்ந்து 16 முறை நூறு யார்டு ஓடிய பயிற்சிக்குப் பின். அவருக்கு அரிவாள் செல் மரபுக்கூறு (சிவப்பணுக்களைச் சில நேரம் அரிவாள்போல் வளையவைக்கும் பிறவிக்கூறு) இருந்தது யாருக்கும் தெரியவில்லை. அதன்பின்தான் கல்லூரி விளையாட்டில் அந்தப் பரிசோதனை வந்தது. ஐந்தாறு நொடி ஆட்டத்துக்கு, குறுகிய பாய்ச்சல், போதிய ஓய்வு, மறுபடி பாய்ச்சல் என்று பழக்கினாலே தேவையான தம் வந்துவிடும்.

தரையில் விரித்த கயிற்றேணிக் கட்டங்களுக்குள் கால் மாற்றி ஓடும் ஏணி டிரில் பார்க்க அழகு. ஆனால் கால் ஒரு கணக்கை மனப்பாடம் செய்கிறது, கண் தரையைப் பார்க்கிறது. எதிராளியைப் பார்த்துத் திசை மாற்றும் பழக்கம் அதில் வராது. ஏணி முடிகிற இடத்தில் கோச் நின்று கையால் இடமோ வலமோ காட்டி, அந்தப் பக்கம் ஓடச் சொன்னால் கொஞ்சம் பலன் உண்டு.

எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள் அதை நெஞ்சில் வாங்குவார்கள், கவசத்தில் பட்டு எகிறிவிடும். கையால்தான் பிடிக்க வேண்டும். நெஞ்சுக்கு மேலே வந்தால் கட்டைவிரல்கள் சேரும், இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள் சேரும். பிடித்தபின் பந்தின் முனையை விரல்கள் மூட வேண்டும். உள்ளங்கை, முன்கை, முழங்கையின் உள்மடிப்பு, விலா என்று பந்து எங்கும் இடைவெளியின்றி ஒட்டியிருக்க வேண்டும். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் பந்தை ஏந்தி ஓடிய டீக்கி பார்பர் அதை நழுவவிடுவதில் பேர்போனவர். 2004-இல் தலைமைப் பயிற்சியாளராக வந்த டாம் காஃப்லினின் குழு, பந்தை நெஞ்சுக்கு உயர்த்தி இறுக்கிப் பிடிக்கும்படி அவரை மாற்றியது. நழுவுவது வெகுவாகக் குறைந்தது, 2005-இல் 1,860 யார்டு ஓடினார்.

கடைசியாக, 40 யார்டு ஓட்டப் பைத்தியம். அணிகள் புது வீரர்களை எடுக்கும் முன் வேகத்தை அளக்கும் ஓட்டம் அது. வசந்த காலம் முழுவதையும் ஸ்டாப்வாட்சோடு கழிப்பவர்கள் உண்டு. ஜான் ராஸ் 2017-இல் 4.22 நொடியில் ஓடி அன்றைய சாதனையைப் படைத்தார், அந்த ஆண்டின் புது வீரர் தேர்வில் சின்சினாட்டி அணி அவரை ஒன்பதாவது தேர்வாக எடுத்தது. ரிசீவராக அவர் சோபிக்கவே இல்லை. 2003-இல் அதே ஓட்டத்தை 4.7 நொடிக்கு மேல் எடுத்து ஓடிய ஆன்க்வான் போல்டின், முதல் சீசனிலேயே 101 பந்துகளைப் பிடித்தார்.