பழைய பொக்லைன் வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?

வண்டி பார்க்கப் போகும் முன்பே விற்பவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." போனதும் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதா? அப்படியானால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். எஞ்சினின் குறை தெரிவது குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போதுதான்.

ஸ்டார்ட் ஆனதும் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் உள்ளே இறங்கியிருக்கலாம். அப்புறம் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் நிற்க வேண்டிய அழுத்தம் கீழே கசிகிறது. பிஸ்டன் ரிங், சிலிண்டர் லைனர் மாற்றும் செலவு காத்திருக்கிறது.

வண்டி ஓடிய மணிநேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம், மாற்றிவிட முடியும். மீட்டர் 3,000 மணி காட்டுகிறது, ஆனால் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, சீட் கிழிந்திருக்கிறது என்றால் எதை நம்புவீர்கள்?

இனி குனிந்து அடிப்பகுதிக்கு வாருங்கள். டயருக்குப் பதில் செயினில் ஓடும் வண்டியில் பராமரிப்புச் செலவில் பெரும்பங்கு இங்கேதான் போகும். புதிதாக வாங்குபவர்கள் பளபளக்கும் பெயின்டைப் பார்த்துவிட்டு இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். செயினைச் சுழற்றும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் கூராகியிருந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். செயின் மேல் உருளும் ரோலர்களில் ஆயில் கசிவு உண்டா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். செயின் இறுக்கமாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். செயினை இறுக்கும் அட்ஜஸ்டரில் கிரீஸ் அடித்தால் தேய்ந்த செயினும் இறுகிவிடும். முன்னால் உள்ள ஐட்லர் சக்கரம் எவ்வளவு தூரம் வெளியே தள்ளி நிற்கிறது என்று பாருங்கள், உண்மை தெரியும். பழைய ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் மாட்டியிருந்தால் அதுவும் சீக்கிரம் தேயும்.

அடுத்து பூமை, அதாவது பக்கெட்டைத் தாங்கும் பெரிய கையைத் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, ஐந்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். அடியில் யாரும் நிற்கக் கூடாது. கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கினால் சிலிண்டர் சீலோ கன்ட்ரோல் வால்வோ கசிந்துகொண்டிருக்கலாம். பக்கெட்டைத் தரையில் ஊன்றி லேசாக அசைத்தால் மூட்டுகளில் உள்ள பின், புஷ் தேய்ந்து ஆடுவது தெரியும். பூமில் ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் அதன் கீழே வெல்டிங் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

எல்லாம் சரி என்றால் ஃபிரேமில் உள்ள சீரியல் எண்ணையும் பில்லில் உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். வண்டி மேல் கடன் பாக்கி இல்லை என்ற கடிதம் கைக்கு வந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.