தோட்டத்தில் அருச்சுனன் தபசு ஆட முன்வருவோருக்கு

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்று கூத்துகளும் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வருகின்றன. இவற்றுள் ஆடுவதற்கு மிகக் கடினமானது தபசுதான் என்பது என் துணிபு. வாளெடுத்துச் சுழலும் வீரனைக் கூட்டம் எளிதில் நம்பிவிடும். ஆசை காட்டி அழைக்கப்படும்போது அசையாமல் நிற்பவனை நம்பச் செய்வதற்குத்தான் நீண்ட பயிற்சி தேவைப்படுகிறது.

முதலில் கதையின் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும். 12 ஆண்டு வனவாசத்தின்போது, வரப்போகும் போரை மனத்தில் கொண்டு, சிவனிடம் பாசுபதம் என்னும் அத்திரத்தைப் பெறுவதற்காக அருச்சுனன் தவம் செய்யப் புறப்படுவதில் தொடங்கி, அதைப் பெறுவதோடு கூத்து முடிகிறது. ஊர்வசி ஆசைப்பட்டு வந்து, அவன் மறுத்ததால் பேடியாகுமாறு சபித்ததும், நிவாதகவசர், காலகேயர் என்னும் அசுரர்களை அவன் அழித்ததும் அதன் பிறகு நடந்தவை. இவற்றையும் சேர்த்தால் கூத்து நீளும் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆனால் தவத்தின் கனம் அதனால் கரைந்துவிடுகிறது. வேறோர் இரவுக்கு அவற்றை விட்டுவைப்பது நல்லது.

நாளைத் தெரிவு செய்யும்போது பௌர்ணமி விடுமுறையான போயா தினத்துக்கு முந்தைய இரவையோ சனிக்கிழமை இரவையோ கொள்வது வசதி. விடிய விடிய விழித்திருந்தவர்கள் காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போக வேண்டிய நிலை வந்தால், நள்ளிரவிலேயே கூட்டம் லயத்துக்கு, தன் வரிசை வீடுகளுக்குத் திரும்பிவிடும். அருச்சுனன் வேடம் கட்டுபவர் விரதம் தொடங்கிய நாளிலிருந்து மதுவையும் மாமிசத்தையும் தவிர்க்கும் வழக்கத்தைத் தளர்த்த வேண்டாம். பல நாள் அடக்கம் பழகிய உடலுக்கு மேடையில் அசையாமல் நிற்பது தானாகவே வந்துவிடும்.

அருச்சுனன் தவம் செய்ய ஏறும் தபசு மரத்தை நடுவதில் எந்தச் சமரசமும் கூடாது. லயங்களுக்கிடையே தாழ்வாகச் செல்லும் மின்கம்பிகளுக்கு அருகில் மரத்தை நடவே கூடாது. மரம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பியில் படாத இடமே தகுந்த இடம். 25 அடி மரமென்றால் 5 அடியாவது மண்ணுக்குள் இறங்க வேண்டும். மழைக்குப் பிறகு நம் மலைச்சரிவு மண் எவ்வளவு இளகியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை; ஆகவே நான்கு பக்கமும் கயிறிழுத்து முளையில் கட்டி, வேடம் கட்டுபவரைவிட எடை கூடிய ஒருவரைப் பகலிலேயே ஏற்றிப் பார்க்க வேண்டும். பனி இறங்கியபின் படிக்கட்டைகள் வழுக்கும் என்பதால் ஒவ்வொன்றிலும் சாக்குத் துணியை இறுகச் சுற்றிக் கட்டுங்கள். சலங்கையைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு, ஒரு படிக்கு ஒரு விருத்தம் என்னும் கணக்கில் நிதானமாக ஏறினால் போதும்.

இந்திரன் அனுப்பும் தேவமாதர் வரும் காட்சியை மரம் ஏறுவதற்கு முன்பே, தரையில் வைத்துக்கொள்ளும்படி வற்புறுத்துவேன். உயரத்தில் இருப்பவரின் முகம் கூட்டத்துக்குத் தெரியாது. இக்காட்சியோ முழுக்க முழுக்க முகத்தில்தான் நடக்கிறது. அண்மைக்காலத்தில் இதைச் சினிமாப் பாட்டுக்கான இடைவேளையாக்கி, பெண்வேடக்காரரைச் சிரிப்புக்குரியவராக ஆட விடுவதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. கூட்டம் சிரித்துவிட்டால் அங்கே சோதனை இல்லாமற்போகிறது. சோதனை இல்லையென்றால் வென்றவனும் இல்லை. ஆகவே பெண்வேடம் கட்டுபவருக்கு நல்ல சேலையும், தாழ்ந்த சுருதியில் ஒரு பாட்டும், அவசரமில்லாத நடையும் கொடுங்கள். "இந்தக் குளிரில் யாருக்காக நிற்கிறீர்கள் சுவாமி?" என்று அவர் கேட்கும்போது, போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கே எழுந்து போய்விடலாம் என்று தோன்ற வேண்டும்.

அருச்சுனன் காது கேளாதவர்போல் கல்லாய் நிற்பதும் தவறு. அவர் கேட்கிறார் என்பது தெரிய வேண்டும். உருத்திராக்க மாலையை உருட்டும் விரல் ஒரு மணியில் நின்றுவிடட்டும்; அதே கணத்தில் தப்புப் பறையின் அடி ஓய்ந்துபோகட்டும். விளக்கொளியில் அவர் மூச்சு புகைபோல் வெளிவருவது முன்வரிசைக்குத் தெரியும் அளவுக்கு அமைதி நிலவ வேண்டும். பிறகு விரல் அடுத்த மணிக்கு நகரும்போது தப்பு மெல்லத் தொடங்கலாம். ஒத்திகையில் இதைப் பழக்கும் மாஸ்டர், "தம்பி, வேண்டாம் என்று தலையாட்டாதே, விரலை மட்டும் நகர்த்து" என்று சொல்லிக் கொடுத்தால் போதுமானது.

இதைவிடக் கடுமையான சோதனை இந்திரனே தவசியின் உருவில் நேரில் வருவது. வியாச பாரதத்தில் அவன் சொல்வதெல்லாம் நியாயமாகவே ஒலிக்கிறது: இது சாந்தமான தவசிகள் வாழுமிடம், இங்கே வில்லுக்கு என்ன வேலை, எறிந்துவிடு என்கிறான், பின்னர்த் தன்னுருவைக் காட்டி, மேலுலக இன்பத்தையே கேட்டுக்கொள் என்கிறான். உடன்பிறந்தவர்களைக் காட்டில் விட்டுவிட்டு எனக்கு மட்டும் எந்தச் சுகமும் வேண்டாம் என்பதே அருச்சுனன் விடை. தொழிலுக்காகக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு இருக்கும் நம் பெற்றோர் முன்னிலையில் இந்த விடையை ஓங்கிக் கத்தாமல், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்ல வேண்டும்.

பன்றியாக வரும் மூகாசுரனுக்கு மூங்கிற் சட்டத்தின்மேல் கறுப்புச் சாயமிட்ட சாக்கும், பிடரிக்குக் காய்ந்த மானாப்புல்லும், மென்மரத்தில் செதுக்கிய கொம்பும் ஏற்றவை. பொன்னர் சங்கரில் வரும் கொம்பன் பன்றிக்குச் செய்ததையே எடுத்து மாட்டிவிட வேண்டாம். நம்மவர் அதை உடனே அடையாளம் கண்டு அந்தக் கதைக்குப் போய்விடுவார்கள். வேடம் கட்டுமிடத்திலிருந்து வராமல், இருட்டான தேயிலைச் சரிவிலிருந்து உறுமியபடி பன்றி இறங்கி வந்தால் அச்சம் இயல்பாகவே உண்டாகும். அந்த வழியில் சிறுவர்களை உட்கார விடக்கூடாது. சாக்கும் புல்லும் எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதால் தீப்பந்தங்களையும் அருகில் கொண்டுவரக்கூடாது. அருச்சுனன் மரத்திலிருந்து முற்றாக இறங்கியபின்பே பன்றி களத்தில் நுழையட்டும். அம்பை உண்மையாக எய்யத் தேவையில்லை. பன்றியின் உடலில் முன்கூட்டியே மடக்கி வைத்த, வெவ்வேறு நிறச் சிறகுடைய இரண்டு அம்புகள் கயிற்றை இழுத்ததும் ஒரே நேரத்தில் நிமிர வேண்டும். எது வேடனாக வரும் சிவனுடையது, எது அருச்சுனனுடையது என்ற வழக்கு அந்த நிறங்களில்தான் தொடங்குகிறது.

வேடனாக வந்த சிவனோடு நடக்கும் சொற்போரை நீட்டலாம். விற்போரைச் சுருக்கி, மற்போரை இருவரும் பலமுறை பழகிய பின்பே ஆட வேண்டும். தோற்று விழுந்த அருச்சுனன் மண்ணால் இலிங்கம் பிடித்து அதற்குச் சூட்டிய மாலை வேடன் தலையில் காணப்படுவதாக வியாச பாரதம் கூறுகிறது. ஒரேமாதிரியான இரண்டு செவ்வந்தி மாலைகளைக் கட்டி, ஒன்றை வேடனின் போர்வைக்குள் மறைத்து வைத்தால் இதை அழகாகக் காட்டலாம். அருச்சுனன் குனிந்து கும்பிடும் நேரத்தில், வேடுவச்சியாக உடன்வரும் பார்வதி அதை எடுத்து வேடனுக்குச் சூட்டிவிட வேண்டும்.

பாசுபதம் வழங்கி, திருநீறு கொடுத்து முடிந்ததும் வேடத்தைக் கலைப்பதற்கு முன்பே மரத்தின் கீழ்ப்படிகளைக் கழற்றிவிடுங்கள். விடிந்தவுடன் பிள்ளைகள் அதில் ஏறத் தொடங்கிவிடுவார்கள். கயிறுகளை அவிழ்த்து மரத்தைச் சாய்க்கும் வேலையை, தூங்கி எழுந்த வேறொரு குழுவிடம் பகல் வெளிச்சத்தில் ஒப்படைக்க வேண்டும்.